குடிசைப்பகுதியை இருக்கும் இடத்திலேயே மேம்படுத்துதல்: சொந்தப் பணம் போட்டுச் சந்துக் குழாய் பதிக்கலாமா?

கேள்வி
எழுதியவர்: வடசென்னை வாசி

வணக்கம். வியாசர்பாடிக்கு அருகே அரசுப் புறம்போக்கு நிலத்தில் உருவான ஒரு குடியிருப்பில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வாழ்ந்து வருகிறது. ஏறத்தாழ முந்நூறு குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. தாத்தா காலத்தில் ஓலைக் குடிசைகளாக இருந்தவற்றில் பாதிக்கு மேல் இன்று தளம் போட்ட வீடுகள். மற்றவை ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டவை. மின் இணைப்பு இருக்கிறது, ரேஷன் அட்டை இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது. பட்டா மட்டும் இல்லை. குடிநீருக்குத் தெருமுனைக் கைப்பம்பும் லாரியும்தான். பாதாளச் சாக்கடை பெரிய சாலையோடு நின்றுவிட்டது. சந்துக்குள் இருக்கும் கழிப்பறைகளில் சில குழிகளிலும் பல மழைநீர் வடிகாலிலும் போய் முடிகின்றன. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தக் கழிவு வெள்ளத்தோடு கலந்து எங்கள் வீடுகளுக்குள்ளேயே திரும்பி வந்தது.

வீட்டுக்கு இவ்வளவு என்று பங்குத் தொகை வசூலித்து, சந்துகளில் நாமே குழாய் பதித்து, சாலையில் இருக்கும் மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) கழிவுநீர்க் குழாயோடு முறைப்படி இணைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் மகளிர் குழுக்களும் இளைஞர்களும் சொல்கிறார்கள். கராச்சியில் ஒராங்கி என்ற இடத்தில் மக்கள் இப்படிச் செய்து காட்டியதாக ஒரு கூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் தயங்குகிறார்கள். என்றைக்கோ ஒரு நாள் குடிசை மாற்று வாரியம் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறது, அதற்குள் மண்ணுக்கடியில் எதற்குப் பணத்தைப் புதைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நாம் போய் மனு கொடுத்தால் அதிகாரிகளின் கண்ணில் பட்டு, மறுகுடியமர்வுக் குடியிருப்பான பெரும்பாக்கத்துக்கு அனுப்பும் பட்டியலில் சேர்ந்துவிடுவோமோ என்ற அச்சமும் சிலருக்கு இருக்கிறது. சாக்கடை போடுவது அரசின் வேலை, அதற்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு.

சென்னையில் இத்தகைய முயற்சி எங்கேனும் நடந்திருக்கிறதா? எதிலிருந்து தொடங்க வேண்டும்? எங்களில் கணிசமானோர் வாடகைக்கு இருப்பவர்கள். அவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி
எழுதியவர்: ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர்

ஒராங்கியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் பாதிதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 1980இல் அக்தர் ஹமீத் கான் அங்கே தொடங்கிய திட்டத்தில் வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வீட்டுக் கழிப்பறை, வீட்டிலிருந்து சந்துக்கு வரும் குழாய், சந்துக் குழாய் ஆகியவை மக்களின் பொறுப்பு. சந்துக்கு வெளியே ஓடும் பெரிய குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு. இருபது முதல் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு சந்துதான் அடிப்படை அலகு. அந்தச் சந்து தனக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அவரே பணம் வசூலிப்பார், அவரே செலவழிப்பார். திட்ட அலுவலகம் வரைபடமும் மதிப்பீடும் கருவிகளும் கொடுத்ததே தவிர, மக்கள் பணத்தைக் கையால் தொடவில்லை. இந்தக் கடைசி விவரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறந்துவிடக் கூடாத ஒரு வேறுபாடும் இருக்கிறது. ஒராங்கி மேடும் பள்ளமுமான நிலம். ஊடே இயற்கையான ஓடைகள் ஓடுகின்றன. குழாயைச் சரிவாகப் பதித்துவிட்டால் தண்ணீர் தானே ஓடிவிடும். வியாசர்பாடியும் புளியந்தோப்பும் அப்படி அல்ல. வடசென்னை பெரும்பாலும் தட்டையான நிலம். நிலத்தடி நீரும் மேலேயே நிற்கும். எனவே உங்கள் சந்துக் குழாயின் தலைவிதியைத் தீர்மானிப்பது சந்தின் ஒற்றுமை மட்டும் அல்ல, பெரிய சாலையில் இருக்கும் ஆள்நுழைவுக் குழியின் (மேன்ஹோல்) அடிமட்டம்தான். அந்த அடிமட்டம் உங்கள் சந்தின் கடைசி வீட்டுக் கழிப்பறையைவிட எவ்வளவு கீழே இருக்கிறது என்பதே முதல் கணக்கு. நல்ல கொத்தனார் ஒருவர், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, அரை நாளில் இந்த மட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அறுபது அடி நீளச் சந்தில் அடிக்கு அறுபதில் ஒரு பங்கு சரிவு வேண்டுமென்றால் ஓர் அடி இறக்கம் தேவை. சந்து இருநூறு அடி நீளம் என்றால் மூன்றடிக்கு மேல் போய்விடும். அப்போது ஆறு அங்குலக் குழாய் போட்டுச் சரிவைக் குறைக்க வேண்டியிருக்கும், அல்லது இரு முனைகளிலும் பிரித்து இணைக்க வேண்டியிருக்கும்.

மற்றொன்று, காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை அந்தக் குழியில் கழிவுநீர் எந்த அளவுக்கு நிற்கிறது என்று மெட்ரோ வாட்டர் பணிமனையில் கேளுங்கள். கழிவுநீரை இறைத்து அனுப்பும் உந்து நிலையம் சரியாக இயங்காத பகுதியில் பெரிய குழாய் நிரம்பியே இருக்கும். அங்கே இணைத்தால், அடுத்த மழையில் உங்கள் பணத்தில் பதித்த குழாய் வழியாகவே ஊர்க் கழிவு உங்கள் வீட்டுக்குள் வரும். இந்தப் பகுதியை அரசு சரிசெய்யாமல் நீங்கள் ஒரு அடிகூடத் தோண்டக் கூடாது.

சந்துக் குழாயை ஆழமாகப் போட வேண்டியதில்லை. லாரி போகாத சந்தில் இரண்டு மூன்றடி ஆழம் போதும். ஒவ்வொரு திருப்பத்திலும், இரண்டு வீட்டுக் குழாய்கள் சேரும் இடத்திலும், சிறிய சேம்பர் (மூடி போட்ட தொட்டி) கட்டுங்கள். சிறிய சேம்பர் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மேலே நின்றபடியே கம்பி விட்டு அடைப்பு எடுக்க முடியும். யாரையும் உள்ளே இறக்க வேண்டிய தேவையே வராது. பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றி மனிதரைக் கழிவுக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் சென்னையில் உயிர்ப்பலிகள் நின்றபாடில்லை. வடிவமைப்பிலேயே அதைத் தவிர்ப்பதுதான் முறை. மொட்டை மாடி மழைநீரை இந்தக் குழாயில் விடவே கூடாது. ஒரு மணி நேர மழை போதும், எல்லாம் பொங்கிவிடும்.

சென்னையில் முன்னுதாரணம் கேட்டீர்கள். ஆலந்தூர் நகராட்சியில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய பாதாளச் சாக்கடைத் திட்டம் இருக்கிறது. வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் வைப்புத் தொகையாக மக்கள் முன்கூட்டியே செலுத்தினார்கள். மீதி கடனாகவும் மானியமாகவும் வந்தது. குடியிருப்போர் சங்கங்கள் தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுப் பணம் திரட்டின. நாடு முழுவதும் அதைப் பாடமாகப் பேசினார்கள்.

மறுமொழி
எழுதியவர்: கண்ணகி நகர் குடியிருப்பாளர்

பொறியாளர் ஐயா சொன்ன மட்டக் கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஆலந்தூரை உதாரணமாகக் காட்டுவதை ஏற்க முடியவில்லை. ஆலந்தூரில் பணம் கட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் பத்திரமும் பட்டாவும் கையில் வைத்திருந்த வீட்டுக்காரர்கள். ஐயாயிரம் கட்டினால் அவர்களுடைய வீட்டின் மதிப்பு உயர்ந்தது. புறம்போக்கில் இருப்பவர் ஐயாயிரம் கட்டினால் என்ன உயரும்?

நாங்கள் ஆற்றோரத்திலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். அங்கே எங்கள் தெருவினரும் பணம் போட்டு மண் கொட்டி மேடாக்கினோம், சிமென்ட் தளம் போட்டோம், பொதுக் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்தோம். அந்தச் செலவுக்கு எந்த அலுவலகத்திலும் ஒரு வரிகூடப் பதிவு கிடையாது. இடிக்க வந்த நாளில் எங்களிடம் இருந்த ஆதாரம் ரேஷன் அட்டை மட்டுமே. பல வருட உழைப்பு, கணக்கில் வராத உழைப்பாகப் போய்விட்டது.

இங்கே வந்த பிறகு நிலைமை என்ன என்று எல்லாருக்கும் தெரியும். கண்ணகி நகர் 2000ஆம் ஆண்டு தொடங்கியது. பிறகு செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம் என்று நீண்டது. பெரும்பாக்கத்தில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு அடுக்குக் கட்டடங்களில். நகருக்குள் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் இங்கே வந்ததும் பேருந்துக்கே கூலியில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். பலர் வேலையையே விட்டார்கள். தரையில் இருந்தபோது வாசலில் இட்லிக் கடை போட்டவர் ஆறாவது மாடியில் யாருக்கு இட்லி விற்பார்? இருக்கும் இடத்திலேயே மேம்படுத்த வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நில உரிமை பற்றி எழுத்தில் ஒரு வார்த்தை வராமல் ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள்.

'நாமே செய்துகொள்வோம்' என்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அண்ணா நகரில் சாக்கடை போட்டபோது குடியிருப்பவர்களை மண்வெட்டி எடுத்துவரச் சொன்னார்களா? வசதி உள்ளவருக்கு வரிப்பணத்தில் சேவை, ஏழைக்குச் 'சமுதாயப் பங்கேற்பு' என்று ஆகிவிடக் கூடாது.

மறுமொழி
எழுதியவர்: களப்பணியாளர், மயிலாப்பூர்

கண்ணகி நகர் சகோதரரின் கேள்வி நியாயமானது; அதற்கு விடையும் உண்டு என்று நினைக்கிறேன். அகமதாபாத்தில் 1995இல் தொடங்கிய குடிசைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு குடும்பமும் 2,000 ரூபாய் பங்காகக் கொடுத்தது. அதற்கு ஈடாகப் பத்து ஆண்டுகளுக்கு அந்தக் குடியிருப்பை அகற்றமாட்டோம் என்று மாநகராட்சி உறுதி கொடுத்தது. அது பட்டா அல்ல; ஆனாலும் பணத்துக்கு எதிரே ஒரு வாக்குறுதி எழுத்தில் நின்றது. ஒடிசா இன்னும் ஒரு படி மேலே போனது. 2017இல் குடிசைவாசிகளுக்கு நில உரிமை வழங்கத் தனிச் சட்டமே இயற்றி, ட்ரோன் வைத்து வீடு வீடாக வரைபடம் எடுத்து, குடியிருப்போர் சங்கங்களைக் கொண்டே சிறு பணிகளைச் செய்ய வைத்தது. பங்கேற்பு என்பது உரிமைக்குப் பதிலாக வந்தால் சுரண்டல்தான். உரிமையோடு சேர்ந்து வந்தால் நிலைமை வேறு.

நம் ஊரிலும் இது புதிதல்ல. 1977இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனை பிரித்து, தண்ணீரும் சாக்கடையும் சாலையும் போட்டு, வீட்டைக் குடும்பங்களே படிப்படியாகக் கட்டிக்கொள்ள விட்டார்கள். அதே காலத்தில் பழைய குடிசைப்பகுதிகளை அந்த இடத்திலேயே மேம்படுத்தி, குத்தகையுடன் கூடிய விற்பனை முறையில் மனைகளை ஒதுக்கினார்கள். அப்போது தோல்வி என்று பலரும் ஒதுக்கித் தள்ளிய அந்த மனைத் திட்டங்களைப் பல ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, வசதியானவரும் எளியவரும் கலந்து வாழும், நல்ல வசதிகள் உள்ள குடியிருப்புகளாக அவை வளர்ந்திருந்தன. இன்று அரும்பாக்கத்தில் நடப்பவருக்கு அது திட்டமிட்ட மனைப்பிரிவில் வளர்ந்த தெரு என்றே தெரியாது. ஆனால் அந்தக் காலத்து ஒதுக்கீட்டாளர்கள் பலர் முழுத் தவணையும் கட்டிய பிறகும் விற்பனைப் பத்திரத்துக்காகப் பல பத்தாண்டுகள் அலைந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குழாய் சீக்கிரம் வந்தது; காகிதம் வரவில்லை.

ஆகவே உங்கள் முதல் வேலை குழாய் அல்ல, கணக்கெடுப்பு. அதிகாரிகள் வருவதற்கு முன்பே நீங்களே எடுத்து முடித்துவிட வேண்டும். எப்படி என்று சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான குடியிருப்புகள் கோட்டை விடுவது இங்கேதான்.

அரசுக் கணக்கெடுப்பு பொதுவாகப் பகலில், வேலை நாளில் நடக்கும். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனவரின் கதவு பூட்டியிருக்கும். படிவத்தில் 'பூட்டிய வீடு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு அந்தக் குடும்பம் பட்டியலில் நுழைவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அடுத்தது, ஒரு கதவு என்றால் ஒரு குடும்பம் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் கீழே பாட்டி, பின்னறையில் மகன் குடும்பம், தகரம் அடித்த மாடியில் மகள் குடும்பம். மூன்று அடுப்பு, மூன்று ரேஷன் அட்டை. ஆனால் கதவில் சுண்ணாம்பால் எழுதியது ஒரே எண். அடுப்பை எண்ணுங்கள், கதவை எண்ணாதீர்கள்.

உங்கள் படிவத்தில் குடும்பத் தலைவியின் பெயரை முதலில் எழுதுங்கள். எந்த ஆண்டிலிருந்து குடியிருக்கிறார்கள் என்பதையும் அதற்கான சான்றையும் சேருங்கள். பழைய மின் கட்டண அட்டை, குழந்தையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் அட்டையின் நகல் என்று எது கிடைத்தாலும் அது ஆதாரம். கணவனை இழந்தவர்கள், தனித்து வாழும் முதியோர், திருநங்கையர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரைத் தனியாகக் குறியுங்கள். ஒதுக்கீட்டின்போது முதலில் விடுபடுவோர் இவர்கள்தான். மாலை ஏழு மணிக்கு மேல், தெருவுக்கு இரண்டு பெண்கள் வீதம் போனால் ஒரு வீடும் தப்பாது. முடிந்ததும் பட்டியலைத் தெருமுனையில் ஒட்டுங்கள். யார் பெயர் விடுபட்டது, யார் பெயர் இருமுறை வந்தது என்பதை ஊரே திருத்திக் கொடுத்துவிடும். சில சண்டைகளும் வரும். அவை இப்போதே வந்து தீர்வது நல்லது.

வரைபடத்தையும் அப்போதே போட்டுவிடலாம். சாக்பீஸால் தரையில் வரைந்து, பிறகு அளந்து தாளில் ஏற்றுங்கள். அதில் 2015லும் 2023லும் வெள்ளம் எந்த அளவுக்கு வந்தது என்று ஒவ்வொரு சந்திலும் சுவரில் இருக்கும் கறையை வைத்துக் குறியுங்கள். அதோடு சாலையின் மட்டத்தையும் குறிக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனதால் சாலை உயர்ந்து வீடுகள் குழிக்குள் போன தெருக்கள் வடசென்னையில் எத்தனையோ உண்டு. வெள்ளம் வருவது வானத்திலிருந்து மட்டும் அல்ல என்பதை அதிகாரியிடம் காட்டுவதற்கு அந்த வரைபடம் உதவும். பொறியாளர் ஐயா கேட்ட மட்டக் கணக்கும் அதிலேயே வந்துவிடும்.

பணத்தைப் பற்றி ஒன்று. சங்கத் தலைவர் பெயரில் பெரிய தொகை சேர்வதைத் தவிருங்கள். ஏலச் சீட்டில் கைவைத்துக் காணாமற் போனவர்களின் கதை எந்தக் குடியிருப்பிலும் கிடைக்கும். சந்துக்குச் சந்து தனிக் கணக்கு, இரண்டு பெண்கள் சேர்ந்து கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, வரவு செலவைச் சுவரில் எழுதிப் போடுவது என்று வைத்துக்கொண்டால் பேச்சுக்கு இடமிருக்காது.

மறுமொழி
எழுதியவர்: சட்டம் படிப்பவர்

நிலத்தின் நிலை தெரியாமல் மேலே பேசுவதில் பயனில்லை என்பதால் அதைச் சொல்கிறேன். தமிழ்நாடு குடிசைப்பகுதி மேம்பாடு மற்றும் அகற்றுதல் சட்டம் 1971இல் வந்தது. சட்டத்தின் பெயரிலேயே மேம்பாடு முதலில் வருகிறது, அகற்றுதல் பிறகுதான். நடைமுறை அப்படி அமையவில்லை. அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி சென்னையில் 1971இல் 1,202 பகுதிகள் குடிசைப்பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 சேர்ந்தன. அதன் பிறகு உருவான, அல்லது அப்போதே விடுபட்ட ஏராளமான குடியிருப்புகள் அறிவிக்கப்படாதவையாகவே நீடிக்கின்றன. அறிவிக்கப்பட்ட பகுதியாக இருந்தால் அங்கே அடிப்படை வசதி செய்யும் கடமை சட்டத்திலிருந்தே பிறக்கிறது. 29ஆம் பிரிவின்படி வாடகைதாரரை வெளியேற்றுவதற்கும் முன் அனுமதி தேவை. மூன்று தலைமுறை என்று சொல்வதால் உங்கள் பகுதி 1971 பட்டியலில் இருக்க வாய்ப்பு அதிகம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய பழைய குடிசை மாற்று வாரியத்திடம் அந்த அரசிதழ் அறிவிப்பின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

அதே நேரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் வாங்குங்கள். உங்கள் இடம் ஆட்சேபகரமான புறம்போக்கா, ஆட்சேபகரமற்ற புறம்போக்கா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நீர்நிலை, கால்வாய், சாலை என்று பதிவேட்டில் இருந்தால் பட்டா கிடைப்பது மிகக் கடினம். நீதிமன்றத் தீர்ப்புகளும் எதிராகவே இருக்கின்றன. தரிசு, நத்தம் போன்ற வகைகளாக இருந்தால் வழி உண்டு. சென்னையைச் சுற்றிய பெல்ட் (வளைய) பகுதியில் பட்டா வழங்க 1962 முதல் இருந்த தடையைத் தளர்த்தி, ஆட்சேபகரமற்ற புறம்போக்கில் வாழ்வோர் சுமார் 86 ஆயிரம் பேருக்கு, மதுரை, திருநெல்வேலி போன்ற நகரங்களையும் சேர்த்து, பட்டா வழங்க 2025 பிப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. அந்த முடிவு உங்களுக்குப் பொருந்துமா என்பதும் இந்த வகைப்பாட்டைப் பொறுத்ததே.

மனு கொடுத்தால் கண்ணில் பட்டுவிடுவோம் என்ற அச்சத்தைப் பற்றி: முந்நூறு குடும்பங்கள் ஏற்கெனவே மின் வாரியத்தின் கண்ணிலும் தேர்தல் ஆணையத்தின் கண்ணிலும் இருக்கின்றன. கண்ணில் படாமல் இருப்பது ஒரு பாதுகாப்பு என்று நான் கருதவில்லை. 1985இல் உச்ச நீதிமன்றம் மும்பை நடைபாதைவாசிகளின் வழக்கில் வாழ்வாதாரம் வாழும் உரிமையின் பகுதி என்றும், முன்னறிவிப்பும் விசாரணையும் இன்றி வெளியேற்றக் கூடாது என்றும் சொன்னது. சென்னை வழக்கு ஒன்றும் அதே நாளில்தான் தீர்ப்பானது. அந்த விசாரணையில் காட்டுவதற்கு உங்களிடம் ஆவணம் இருக்க வேண்டும்.

இதிலிருந்துதான் கண்ணகி நகர் அண்ணனின் கவலைக்கும் ஒரு வழி தெரிகிறது. நீங்கள் தனியாகச் செலவழிக்காமல், நகர்ப்புற நமக்கு நாமே திட்டத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கைச் செலுத்தி மாநகராட்சி மூலமாகச் செய்தால், மதிப்பீடு, ஒப்பந்தம், அளவைப் புத்தகம் என்று எல்லாமே அரசுக் கோப்பில் ஏறும். அது உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் அரசே பணம் போட்டுப் பணி செய்த இடத்தை ஆக்கிரமிப்பு என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. புறம்போக்கில் உள்ள சந்துக்கு இந்தத் திட்டத்தை ஏற்பார்களா என்பதை மண்டல அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, எழுத்துப்பூர்வமாகவே பதில் வாங்குங்கள். வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் தீர்மானமாகவும் வையுங்கள். 2022இலிருந்து இந்தச் சபைகள் நடக்கின்றன; உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படாமல் நியமிக்கப்படுகிறார்கள் என்ற குறை இருந்தாலும், கூட்டக் குறிப்பில் உங்கள் பகுதியின் பெயர் ஏறுவதே ஒரு ஆதாரம்.

மறுமொழி
எழுதியவர்: வடசென்னை வாசி

அனைவருக்கும் நன்றி. பெண்கள் குழுவிடம் இதைப் படித்துக் காட்டினேன். வசூலை இப்போதைக்கு ஒத்திவைத்துக் கணக்கெடுப்பை முதலில் முடிப்பது என்றும், தகவல் உரிமை மனுவை உடனே போடுவது என்றும் முடிவாகியிருக்கிறது. மட்டம் பார்க்க ஒரு கொத்தனாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டு சிக்கல்கள் மீதமிருக்கின்றன. வாடகைதாரர்களைப் பட்டியலில் சேர்த்தால் நாளைக்கு வீடு அவர்கள் பெயருக்குப் போய்விடும் என்று வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். சிலர் கணக்கெடுப்பே வேண்டாம் என்கிறார்கள். மறுபக்கம், வாரியம் அதே இடத்தில் மறுகட்டுமானம் செய்ய வந்தால் என்ன செய்வது என்ற பெரியவர்களின் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை.

மறுமொழி
எழுதியவர்: களப்பணியாளர், மயிலாப்பூர்

வாடகைதாரர் விஷயத்தில் ஒரே பட்டியலில் இரண்டு பத்திகள் வைத்துப் பாருங்கள்: கட்டடத்துக்கு உரிமை கோருபவர் ஒரு பத்தியில், இப்போது குடியிருப்பவர் மற்றொரு பத்தியில். இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரருக்கு அது வாடகைதாரர் எழுதிக் கொடுத்த ஒப்புதல். வாடகைதாரருக்கு அது தான் இங்கே வாழ்ந்ததற்குச் சான்று. இப்படிச் செய்யாவிட்டால் அரசுக் கணக்கெடுப்பு வரும் நாளில் வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லிவிட்டு வீட்டுக்காரரின் மகன் வந்து உட்கார்ந்துகொள்வார், பிறகு அடிதடிதான். குழாய்ச் செலவில் பங்கை வீட்டுக்காரரே கட்ட வேண்டும், அதைக் காரணம் காட்டிக் குறிப்பிட்ட காலம் வரை வாடகையை உயர்த்தக் கூடாது என்று சந்துக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். தீர்மானத்துக்குச் சட்ட வலு கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் ஒப்புக்கொண்டதை மீறுவது அவ்வளவு எளிதல்ல.

மறுகட்டுமானம் வந்தால் முழுக்க மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இடிப்பதற்கு முன்பே சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்: எத்தனை குடும்பங்களுக்கு வீடு, பயனாளி பங்குத் தொகை எவ்வளவு, ஒதுக்கீட்டு ஆணை எப்போது, கட்டி முடிக்கும் வரை எங்கே குடியிருப்பது. இடைக்காலத்துக்கு இப்போது ஒரு குடும்பத்துக்கு 24 ஆயிரம் ரூபாய் தருகிறார்கள். மாதம் ஐயாயிரம் வாடகை என்று வைத்தாலும் ஐந்து மாதத்துக்குக்கூட அது வராது. கட்டடம் முடிய ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் ஆகும். முன்பணம், பள்ளி மாற்றம், வேலைக்குப் போகும் தூரம் எல்லாம் தனி. எனவே எல்லாரையும் ஒரே நேரத்தில் காலி செய்யாமல், பாதிப் பாதியாகக் கட்டும்படி கேட்க உங்கள் வரைபடம் பயன்படும்.

மறுமொழி
எழுதியவர்: ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர்

ஒரு சிறு சேர்க்கை. மறுகட்டுமானம் வருமா வராதா என்று காத்திருக்கும் காலத்திலும் கழிவு மழைநீர் வடிகாலில் போவதை நிறுத்தலாம். முழுச் சந்துக்கும் குழாய் போடாமல், பெரிய சாலையை ஒட்டிய முதல் பத்து வீடுகளை மட்டும், மட்டம் சரியாக இருந்தால், முறைப்படி இணைக்கப் பணிமனையில் விண்ணப்பியுங்கள். செலவு குறைவு, பிற்பாடு இடித்தாலும் இழப்பு குறைவு, குழாய் எப்படி ஓடுகிறது என்பதை ஒரு பருவமழை முழுவதும் பார்த்துவிடலாம். விண்ணப்பத்தை வீட்டுக்கு வீடு தனித்தனியாகக் கொடுங்கள், சங்கத்தின் பெயரில் ஒரே மனுவாகக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டின் கையிலும் தனி ரசீது இருக்க வேண்டும்.